சுக்கிரன் சூரியனைக் கடந்த கதை

(நம் சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான ஓர் அங்கத்தினர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் நான் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் கட்டளையிட்டபோது முதலில் மறுத்தேன். சபைகளிற் பேசிப் பழகியவனல்லன் நான். முப்பத்தோராண்டு பள்ளிக்கூடத்திற் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். "உமக்குத் தெரிந்த விஷயம் எதுவாயினும் பேசும்" என்று அவர்கள் மீண்டும் வற்புறுத்தவே இசைந்தேன். எனக்குத் தெரிந்த விஷயம் ஆகாயத்தைப் பற்றியது. அதன் முடிவில் நம் சங்கத்தின் கல்வி நிதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகாயத்துக்கும் நிதிக்கும் என்ன சம்பந்தமென்று பொருளாளர் அவர்கள் புன்னகை செய்வது எனக்குத் தெரிகிறது. சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

சுக்கிரன் என்றவுடன் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது சுக்கிர தசை. பெண்ணுக்கு வரன் பார்க்குங்கால், சுக்கிரன் எந்த வீட்டிலிருக்கிறான் என்று ஜோதிடரை விசாரிக்கிற நாம், அவன் வானத்தில் எந்தத் திசையிலிருக்கிறான் என்று அண்ணாந்து பார்ப்பதில்லை. நம் பாட்டன்மார் அப்படியிருக்கவில்லை. விடிவெள்ளி முளைத்தது கண்டு அவர்கள் ஏர் பூட்டினார்கள், வண்டி கட்டினார்கள். அந்த விடிவெள்ளிதான் சுக்கிரன். அவன் சில சமயங்களில், மிகச் சில சமயங்களில், பட்டப்பகலில் சூரியனுடைய முகத்தின் குறுக்கே ஒரு கரும்புள்ளியாகக் கடந்து போவதுண்டு. அதனையே சுக்கிரக் கடப்பு என்கிறோம்.

2004ஆம் வருஷம் ஜூன் மாதம் 8ஆம் தேதி அத்தகைய கடப்பு ஒன்று நம் நாட்டில் முழுமையும் தெரிந்தது. முற்பகல் 10.45 மணியளவில் தொடங்கி மாலை 5 மணியளவில் முடிந்தது. சூரியனை நேரே பார்த்தாற் கண் கெட்டுவிடுமாதலால், சிறிய தூரதர்சினி ஒன்றை ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி, அதன் வழியே வரும் ஒளியை ஒரு வெள்ளைக் காகிதத்தில் விழச் செய்து, எங்கள் பள்ளி முற்றத்திற் பிள்ளைகளுக்குக் காட்டினேன். காகிதத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சூரிய பிம்பம். அதன்மேற் கடுகினும் சற்றே பெரிய ஒரு கறுப்புப் புள்ளி. வரிசையில் வந்து குனிந்து பார்த்த ஆறாம் வகுப்புச் சிறுமியொருத்தி, நம் சமூகத்துப் பெண்தான், நிமிர்ந்து என்னைப் பார்த்து, "சார், இவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

இன்று நான் பேசப்போவதெல்லாம் அக்கேள்விக்கு விடைதான்.

மனிதன் தான் வாழும் பூமியிலிருந்து சூரியன் எவ்வளவு தூரத்திலிருக்கிறது என்பதை நெடுங்காலம் அறியாதிருந்தான். ஜெர்மன் தேசத்து வானசாஸ்திரியாகிய கெப்ளர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கிரகங்களின் சஞ்சாரத்துக்குரிய விதிகளைக் கண்டார். அவற்றால் கிரகங்களின் தூரங்களுக்கு ஒன்றோடொன்று என்ன விகிதம் என்பது தெரிந்துவிட்டது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை 100 என்று வைத்தால், சுக்கிரனுக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய 72. ஆனால் அந்த 100 என்பது எத்தனை காதம், எத்தனை மைல் என்பது மாத்திரம் தெரியவில்லை.

நம்மிற் பலர் நிலபுலம் உடையவர்கள். உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். ஒரு கிராமத்தின் புலப்படம் முழுவதும் கையிலிருக்கிறது. வரப்பு, வாய்க்கால், குளம், கோயில் யாவும் முறையாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ஓரங்குலத்துக்கு எத்தனை சங்கிலி என்பதை எழுத மறந்துவிட்டார்கள். அப்படத்தைக் கொண்டு ஒரு சென்ட் நிலமேனும் அளக்க முடியுமா? முடியாது. ஆனால் ஏதாவதொரு வரப்பை மாத்திரம் நேரிற் போய் அளந்துவிட்டாற் போதும். முழுக் கிராமமும் அளந்ததாகிவிடும். வானத்தில் அவ்வாறு அளப்பதற்கு வாய்த்த வரப்புத்தான் சுக்கிரக் கடப்பு.

எவ்வாறு எனில், தெப்பக்குளத்தின் ஒரு கரையில் நின்று, நடுவிலுள்ள நீராழி மண்டபத்தையும் அதன் பின்னே தெரியும் கோபுரத்தையும் பாருங்கள். மண்டபத்தின் உச்சி கோபுரத்தின் ஓரிடத்தின் மேல் பொருந்தித் தோன்றும். கரையோரமாகச் சற்று நடந்து வேறோரிடத்தில் நின்று பார்த்தால், அதே உச்சி கோபுரத்தின் வேறிடத்தின் மேல் தோன்றும். நாம் நடந்த தூரமும், உச்சி நகர்ந்த அளவும் தெரிந்தால் மண்டபத்தின் தூரத்தைக் கணக்கிட்டு விடலாம். கோபுரம் சூரியன், மண்டபம் சுக்கிரன், குளக்கரை நம் பூமி. பூமியின் வடகோடியில் ஒருவரும் தென்கோடியில் ஒருவரும் நின்று, சுக்கிரன் சூரியனைக் கடக்க எத்தனை நாழிகை ஆயிற்று என்று கடிகாரம் வைத்துக் குறித்தால், இருவர் கணக்கிலும் சில நிமிஷ வித்தியாசம் வரும். அந்தச் சில நிமிஷங்களுக்குள்ளே சூரியனுடைய தூரம் ஒளிந்திருக்கிறது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. சுக்கிரன் செல்லும் பாதை பூமியின் பாதைக்குச் சற்றே சாய்ந்திருப்பதால், இக்கடப்பு நினைத்தபோது நிகழ்வதில்லை. எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு கடப்புக்கள் நிகழும். பிறகு நூறு வருஷத்துக்கு மேல் ஒன்றுமிராது. 1631, 1639; 1761, 1769; 1874, 1882; 2004, 2012. தூரதர்சினி தோன்றிய பிறகு மனிதனுக்கு வாய்த்தவை இவ்வெட்டே.

1631ஆம் வருஷத்துக் கடப்பை முன்னறிந்து சொன்ன கெப்ளர் 1630இலேயே காலமானார். அக்கடப்பு ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து காணக்கூடியதாகவும் இல்லை. 1639இல் நிகழப்போவதைக் கணக்கிட்டுக் கண்டவன் இங்கிலாந்தில் ஜெரிமையா ஹாரக்ஸ் என்னும் ஏழை வாலிபன். வயது இருபதை ஒட்டியது. ஒரு காகிதத்திற் சூரிய பிம்பத்தை விழச் செய்து, மாலையில் சூரியன் அஸ்தமிப்பதற்கு முன் அரைமணி நேரம் அப்புள்ளியைக் கண்டான். அவனும் அவன் நண்பன் கிராப்ட்ரீயும் தவிர அதனைக் கண்டு குறித்தவர் வேறொருவருமில்லை. 1641இல், இருபத்திரண்டு வயதில் அவன் இறந்தான். அவன் எழுதிவைத்த நூல் 1662இலேதான் அச்சேறிற்று.

எட்மண்ட் ஹாலி என்னும் பெரியார், வால் நட்சத்திரத்தின் பெயரால் நீங்கள் அறிந்தவர், 1716இல் ஒரு கட்டுரை எழுதினார். 1761இல் வரும் கடப்பை உலகத்தின் பல கோடிகளிலும் நின்று பார்க்கவேண்டும். இன்ன முறையிற் பார்க்கவேண்டும். அதனாற் சூரியனுடைய தூரம் தெரியவரும் என்று விவரமாக எழுதினார். அப்போது அவருக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது. 1761இல் தாம் உயிரோடு இருக்கப்போவதில்லை என்பதை அவர் நன்கறிவார். 1742இற் காலமானார். தாம் காணமாட்டாத ஒரு பகலுக்காக, தாம் அறியாத மனிதர்களுக்கு அவர் எழுதிவைத்த ஓலை அது. இதனைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இவ்விடத்துக்குத் திரும்பி வருவேன்.

ஹாலியின் ஓலையைச் சிரமேற்கொண்டு புறப்பட்டவர்களில் ஒருவர் நம் தமிழ்நிலத்தை நாடி வந்தார். பிரான்ஸ் தேசத்து லெ ஜாந்தி என்பவர் அவர். புதுச்சேரியிலிருந்து கடப்பைக் காணும் எண்ணத்தோடு 1760 மார்ச்சு மாதத்திற் கப்பலேறினார். அக்காலத்தில் பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் யுத்தம். அவர் கப்பல் மலையாளக் கரையை அணுகியபோது, புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்ட செய்தி கிடைத்தது. கப்பல் திரும்பிற்று. 1761 ஜூன் 6ஆம் தேதி நடுக்கடலில், அசையும் தளத்தின் மேல் நின்று அவர் கடப்பைக் கண்டார். வானம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் ஆடுகிற கப்பலில் கடிகாரமும் கருவியும் நிலைகொள்ளாவாகையால், அக்காட்சியாற் பயனொன்றுமில்லை.

வேறொருவராயின் ஊர் திரும்பியிருப்பார். அவர் எட்டு வருஷம் காத்திருக்கத் தீர்மானித்தார். இந்துமகா சமுத்திரத்துத் தீவுகளை ஆராய்ந்தார், மணிலாவுக்குச் சென்றார், 1768இல், மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாகியிருந்த புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். இடிபாடுகளின் மேல் அவருக்கு ஒரு வானிலயம் கட்டிக் கொடுத்தார்கள். முன்னே பகைவராயிருந்த சென்னை ஆங்கிலேயர் அவருக்கு நல்ல தூரதர்சினி ஒன்றை அனுப்பி உதவினார்கள். நகரத்துக்காக யுத்தம் செய்தவர்கள் ஒரு புள்ளிக்காக ஒருவருக்கொருவர் உதவினார்கள் என்பது சிந்திக்கத்தக்கது.

1769 ஜூன் 4ஆம் தேதி விடியற்காலையில் கடப்பு. முதல்நாள் இரவு வானம் நிர்மலமாயிருந்தது. விடியுமுன் மேகம் திரண்டது, காற்று வீசிற்று, சூரியன் மறைந்தே உதித்தது. கடப்பு முடிந்த பிறகு மேகம் கலைந்து, அன்று பகல் முழுவதும் நல்ல வெயில் காய்ந்தது! அவர் விட்டுவந்த மணிலாவிலோ வானம் தெளிவாயிருந்ததாம். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் ஒடிந்து கிடந்தார். நோயுற்று, கப்பற் புயலிற் சிக்கி, 1771இல் பதினொன்றரை வருஷத்துக்குப் பின் ஊர் போய்ச் சேர்ந்தால், இறந்துவிட்டாரென்று எண்ணி உறவினர் அவர் சொத்தைப் பங்கிட்டுக்கொள்ள முற்பட்டிருந்தார்கள். சாஸ்திர சபையில் அவருடைய இடமும் பறிபோயிருந்தது.

இம்மனிதரைப் பார்த்து உலகம் சிரித்ததுண்டு. நாம் சிரிக்கலாகாது, ஏனெனில் அவர் புதுச்சேரியில் வெறுமனே காத்திருக்கவில்லை. நம்மவர் கிரகணம் கணிக்கும் முறையைத் தமிழர் ஒருவரிடமிருந்து கற்றார். 1765 ஆகஸ்டு 30ஆம் தேதி நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவை அம்முறையாற் கணக்கிட்டு, கண்ணாற் கண்ட அளவோடு ஒப்பிட்டார். தமிழ் முறையிற் பிழை 41 விநாடி; அக்காலத்து ஐரோப்பாவிற் புகழ்பெற்ற மேயர் என்பாருடைய அட்டவணைப்படி பிழை 68 விநாடி. ஒரே கிரகணத்தைக் கொண்டு, நம் முறையே சிறந்தது என்று நாம் மார் தட்டிக்கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும், இதனை நம் நாட்டார் எழுதிவைக்கவில்லை. கடல் கடந்து வந்த ஒருவர் எழுதிவைத்தமையால் நாம் அறிகிறோம். அவருக்குக் கற்பித்த தமிழருடைய புகழ் நமக்கு எட்டவில்லை. அறிந்ததைச் சூத்திரமாக மனத்திலே பூட்டி வைத்து, மகனுக்கு மாத்திரம் சொல்லி, பிறருக்கு மறைத்த குற்றம் நம்முடையது. இதுவும் நினைவில் இருக்கட்டும்.

1769இல் மற்றவர்களிற் பலர் மேகத்தைக் காணவில்லை. காப்டன் குக் தாகித்தித் தீவிற் கண்டார். பிரெஞ்சுக்காரராகிய ஷாப் என்பவர் மெக்ஸிகோவைச் சேர்ந்த கலிபோர்னியாத் தீபகற்பத்திற் கண்டார். அங்கே பரவியிருந்த விஷஜுரத்துக்கு இரையாகி அதே ஆகஸ்டு 1ஆம் தேதி இறந்தார். அவர் குறிப்புக்கள் மட்டும் பாரிஸுக்கு வந்து சேர்ந்தன. எல்லார் குறிப்புக்களையும் கொண்டு லாலாந்த் என்பவர் 1771இல் சூரியன் சுமார் 15 கோடியே 30 லட்சம் கிலோமீட்டர் தூரத்திலுள்ளது என்று கணக்கிட்டார். இன்று நாம் அறிந்த அளவு 14 கோடியே 96 லட்சம் கிலோமீட்டர். நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைந்த பிழை! கிராமத்தின் ஒரு வரப்பு அளக்கப்பட்டது. வானம் முழுவதும் அளந்ததாயிற்று.

1874இல் அடுத்த கடப்பு வந்தபோது நம்மவர் வெறும் பார்வையாளராக இல்லை. சென்னை வானிலயத்தில் உத்தியோகம் பார்த்த சிந்தாமணி ரகுநாதாசாரியார், 1867இல் தென்வானத்தில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தவர். 1872இல் லண்டன் ராயல் வானசாஸ்திர சபையின் அங்கத்தினரானவர். அவர் அக்கடப்பைப் பற்றிப் பொதுஜனங்களுக்கு விளங்கும்படி ஒரு சிறு புத்தகம் எழுதி, இந்திய பாஷைகளிலும் வெளியிட்டார். பஞ்சாங்கம் கண்ணுக்குத் தெரியும் வானத்தோடு ஒத்திருக்க வேண்டுமென்று வாதாடியவரும் அவரே. புதுச்சேரித் தமிழர் மனத்துள் வைத்திருந்ததை இவர் அச்சில் ஏற்றினார். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதுவே பெரிய வித்தியாசம்.

இன்று கடப்பைக் கொண்டு தூரம் அளக்க வேண்டுவதில்லை. 1961இல் ரேடார் அலையைச் சுக்கிரன் மேல் செலுத்தி, அது திரும்ப எடுத்துக்கொண்ட காலத்தைக் கொண்டு அளந்துவிட்டார்கள். 1962 டிசம்பர் 14ஆம் தேதி மாரினர்-2 என்னும் அமெரிக்க விண்கலம் சுக்கிரனை நெருங்கிச் சென்றது. 1970இல் ருஷ்யரின் வெனேரா-7 அதன் தரையில் இறங்கிச் சுமார் 23 நிமிஷம் செய்தி அனுப்பிற்று. அங்கே வெப்பம் சுமார் 460 டிகிரி, ஈயம் உருகிப்போகும். காற்றின் அழுத்தம் இங்குள்ளதைப்போல் ஏறக்குறைய 90 மடங்கு. நம் தேசத்து விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனமும் சுக்கிரனைச் சுற்றிவரக் கலம் அனுப்புவதற்கு 2024 செப்டம்பரில் மந்திரிசபையின் அனுமதி பெற்றிருக்கிறது.

அப்படியாயின் அந்தப் புள்ளியின் வேலை முடிந்துவிட்டதா? இல்லை. 2009இல் ஏவப்பட்ட கெப்ளர் என்னும் விண்வெளித் தூரதர்சினி, எங்கோ உள்ள நட்சத்திரங்களைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கிரகம் தன் நட்சத்திரத்தின் முகத்தைக் கடக்கும்போது அந்நட்சத்திரத்தின் ஒளி இம்மியளவு மங்கும். அம்மங்கலைக் கொண்டு 2,600க்கு மேற்பட்ட புதிய உலகங்களைக் கண்டுபிடித்தார்கள். ஹாரக்ஸ் காகிதத்திற் கண்ட அதே புள்ளிதான்! "இவ்வளவுதானா?" என்று கேட்ட குழந்தைக்கு, "இவ்வளவும் அம்மா" என்று நான் இன்று விடை சொல்வேன்.

அன்று நான் என்ன செய்தேன் என்பதை இனிச் சொல்லவேண்டும். அந்தப் பெண்ணின் அனுமதி பெற்றே சொல்கிறேன், பெயர் சொல்லேன்.

2012 ஜூன் 6ஆம் தேதி காலையில் அடுத்த கடப்பு நிகழ்ந்தபோது, அவள் கல்லூரி மாணவி. சூரியோதயத்துக்கு முன்பே தன் தம்பியை அழைத்துக்கொண்டு என் வீட்டு மொட்டைமாடிக்கு வந்துவிட்டாள். 10.20 மணி சுமாருக்குப் புள்ளி சூரியனை விட்டு அகலும் வரையில், ஐந்து நிமிஷத்துக்கொருதரம் காகிதத்திற் பென்சிலாற் குறித்துக்கொண்டேயிருந்தாள். 2014இல், பௌதிகத்தில் மேற்பட்டம் படிக்க இரண்டு வருஷத்துக்கு உதவி கேட்டு நம் கல்வி நிதிக்கு மனுச் செய்தாள். அவள் தகப்பனார் சிறு பெட்டிக்கடை வைத்திருந்தவர். நிதிக் கமிட்டியில் நானும் ஒருவன். "வானத்தைப் படித்து என்ன உத்தியோகம் கிடைக்கும்? கல்யாணமாகிப் போகிற பெண், உத்தியோகத்துக்குரிய படிப்புப் படிக்கிற பையனுக்குக் கொடுத்தால் ஒரு குடும்பம் தலையெடுக்கும்" என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் ஆமோதித்தார்கள். நான் வாய்திறக்கவில்லை. அது மாத்திரமன்று, கை தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன். மனு தள்ளப்பட்டது. அவள் இன்று ஒரு ஜவுளிக்கடையிற் கணக்கெழுதுகிறாள். மானமான தொழில்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது அவள் கேட்டதன்று.

சென்ற வருஷம் அவள் வீட்டுக்குப் போய், "அம்மா, அன்று நானும் கை தூக்கினேன்" என்று சொன்னேன். அவள் சற்றுநேரம் பேசாதிருந்து, "சார், அந்தப் புள்ளியைக் காட்டினவரும் நீங்கள்தானே" என்றாள். அது மன்னிப்போ, கண்டனமோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இரண்டுக்கும் நான் உரியவன்.

பெரியோர்களே! நம் கல்வி நிதி எங்ஙனம் உண்டாயிற்று? நம் முன்னோர் கல்யாண வீடுகளில் உண்டியல் வைத்து, ஓரணா இரண்டணாவாகச் சேர்த்தார்கள். யார் படிப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியுமா? தெரியாது. தாம் காணமாட்டாத பிள்ளைகளுக்காகச் சேர்த்தார்கள். ஹாலி எழுதிய ஓலைக்கும் அந்த உண்டியலுக்கும் நான் வேற்றுமை காணவில்லை. பலனை இன்றே கண்ணாற் காணவேண்டுமென்று கேட்பவர்கள் நாம்தான்; அவர்களல்லர்.

"சோற்றுக்கு வழி வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தொழிற்கல்விக்குக் கொடுப்பதில் ஒரு காசும் குறைக்கச் சொல்லவில்லை. வருஷந்தோறும் நாம் கொடுக்கும் உதவிகளோடு இன்னும் ஒன்றே ஒன்று, ஆணாயினும் பெண்ணாயினும், கணிதம், பௌதிகம், வானசாஸ்திரம் போன்ற அடிப்படைச் சாஸ்திரம் படிக்க விரும்பும் ஒரு பிள்ளைக்கு, "இதனால் என்ன வருமானம்?" என்ற கேள்வியில்லாமற் கொடுக்க வேண்டும். இதுவே என் முதற் பிரேரணை. அப்பிள்ளை ஒன்றும் கண்டுபிடிக்காமற் போகலாம். லெ ஜாந்தியைப் போலப் பத்து வருஷம் உழைத்து மேகத்தையே காணலாம். அதற்கும் நாம் துணிந்திருக்க வேண்டும். மேகம் வருமென்று அஞ்சி எல்லாரும் வீட்டிலிருந்திருந்தால், இன்றும் சூரியனுடைய தூரம் தெரிந்திராது.

இரண்டாவது, நம் மாணவர் விடுதியின் மாடியில் ஒரு நல்ல தூரதர்சினி வைக்கவேண்டும். அதற்கு என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு பங்கு தருகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் தெருப்பிள்ளைகள் யாவரும் வந்து பார்க்கட்டும். இன்ன ஜாதி, இன்ன வகுப்பு என்று கேட்கவேண்டாம். நிதி நம் சங்கத்துச் சொத்து, வானம் அன்று. அறிந்ததை மறைத்து வைத்த பழங்குற்றத்துக்கு அது ஒரு சிறு பிராயச்சித்தமாகும்.

அடுத்த சுக்கிரக் கடப்பு 2117ஆம் வருஷம் டிசம்பர் 11ஆம் தேதி. நம் நாட்டிற் சூரியோதயத்தில் அது நடந்துகொண்டிருக்கும், முற்பகலில் முடியும். இச்சபையில் வீற்றிருக்கும் நாம் ஒருவரும் அதனைக் காணப்போவதில்லை. நம் பேரன் பேத்திகளின் பிள்ளைகள் காண்பார்கள். அன்றைக்கு ஏதேனும் ஒரு மாடியில், ஏதேனும் ஒரு குழந்தை காகிதத்தைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று கேட்கும். விடை சொல்லத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். அவர் படித்தது இச்சங்கத்து நிதியில் என்று அப்போது யாரும் நினைக்கவேண்டியதில்லை. விடை தெரிந்திருந்தாற் போதும்.

பிரேரணையை இக்கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ளும்படி அக்கிராசனர் அவர்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். இம்முறை கை தூக்கச் சொல்லும்போது, முதலில் என் கை உயரும்.